சிட்டகாங் வழியாக வந்தவள்

ராட்டை நின்றுவிட்டது. திருஞானசம்பந்தத்துக்கு அது உடனே உறைக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆனதும், தறிக்குழியில் இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் பேப்பரை உரக்கப் படிப்பது அவருடைய வழக்கம். எதிரே அவர் மனைவி கமலாட்சி ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் அவருக்குப் பாட்டுக்காரனுக்குத் தம்புரா மாதிரி. எழுபத்தொன்றாம் வருஷத்துக் கார்த்திகை மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் ஒரு கோடியை நெருங்குகிறார்கள் என்று படித்தார். கல்கத்தாவுக்கு வெளியே கூடாரங்களில் முழங்கால் வரைக்கும் சேறு என்று படித்தார். "சிட்டகாங் துறைமுகத்தில்" என்று அடுத்த செய்தியை ஆரம்பித்தபோதுதான் ராட்டை நின்றது.

"சிட்டகாங்னா போட்டிருக்குது?" என்று கேட்டாள் கமலாட்சி.

"ஆமா. அது ஒரு துறைமுகம். நம்ம மெட்ராஸு மாதிரி வச்சிக்கயேன். ஆத்துமேல..."

"தெரியும்" என்றாள்.

இருபத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சொல்ல ஆரம்பித்த ஒன்றை அவள் தெரியும் என்று நிறுத்தியதில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவே அவரைச் 'சரித்திரம்' என்றுதான் கூப்பிடும். நெய்கிற கை நெய்துகொண்டிருக்க, வாய் பல்லவர் காலத்தில் இருக்கும். எந்தச் செய்தி வந்தாலும் அதற்கு ஒரு பழைய ஜோடி கண்டுபிடித்துவிடுவார். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய ராஜா, கைலாசநாதர் கோயில் பொன்னைக் கொள்ளையடிக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைத் தூணில் வெட்டிவைத்துப் போன கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் அகதிகளுக்குத் துணி சேர்க்கும் கூட்டத்திலும் அதைத்தான் சொல்வதாக இருந்தார். படிப்பகத்துச் செயலாளர் வீரபாகு அவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம இன்னா சேக்குறீங்க?" என்றாள் கமலாட்சி.

"பழைய துணிதான். வேட்டி, பொடவ, கிடைச்சது."

"துணி அப்புறம். செருப்பு கேளுங்க. மூடி போட்ட பாத்திரம் கேளுங்க. உப்பு கேளுங்க, ஆனா பொட்டலமா வாணாம், துணியில முடிஞ்சு குடுக்கணும். நடக்குறவங்களுக்கு இடுப்புல இருந்தாத்தான் ஆவும். ஊசி, நூலு. கொழந்தைய முதுகுல கட்டிக்கினு போறதுக்கு நீளமா முரட்டுத் துணி."

அவர் பேப்பரை மடித்தார். "உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"நடந்திருக்கேன்."

கமலாட்சி ரங்கூனில் பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியும். நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பா அங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் போட்ட குண்டில் செத்தார். பெண்ணைத் தெரிந்தவர்கள் கப்பலேற்றி அனுப்பினார்கள். தாய்மாமன் வேலாயுதம் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். பெண் பார்த்த அன்று வேலாயுதம் சொன்னது அவ்வளவுதான். அவர் அதைக் கிளறிப் பார்த்ததும் இல்லை. நாற்பத்திரண்டாம் வருஷத்தில் பர்மாவை விட்டு லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வந்ததை அவர் தெருவில் பல தடவை விவரித்திருக்கிறார். அப்போதெல்லாம் அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கப்பல்னு உங்க மாமா சொன்னாரே?"

"ரயிலு புரோம் ஊரோட சரி. அதுக்கப்புறம் மலை. மலைய எறங்கினா கடலோரம். படகு, நடை, திரும்பப் படகு. சிட்டகாங் வந்து சேர அம்பது நாளு ஆச்சு." அவள் ராட்டையின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள். "மலையில நைனாவுக்கு வாந்திபேதி. என்னைக் கிட்ட வர வுடல. 'ஜனங்களோட போ, நின்னா நீயும் பூடுவே'ன்னாரு. போயிட்டேன்."

சக்கரத்தில் சிக்கியிருந்த இழையை விரலால் விடுவித்தாள்.

"அப்ப நைனாவுக்கு மூச்சு இருந்திச்சுங்க."

ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் அந்த மாமனார் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தவர் அவர். குண்டு விழுந்த நொடியில் போய்விட்ட ஒரு மனிதருக்கு என்று நினைத்து இறைத்திருந்தார்.

"ரங்கூன் துறைமுகத்துல கூலி வேல பாத்த தெலுங்குக்காரங்க ஒரு கும்பலு. அவுங்கதான் என்னைச் சேத்துக்கினாங்க. நல்லவங்க. சிட்டகாங்குக்கு வெளிய ஒரு ஊர்ல எனக்குக் காய்ச்சல் கண்டுடிச்சு. ஒரு மீன்காரம்மா வூட்ல வுட்டுட்டுப் போனாங்க. பேரு தெரியாது. அவங்க பாசை எனக்குத் தெரியாது, என் பாசை அவங்களுக்குத் தெரியாது. பதினோரு நாளு சோத்தைக் கரைச்சி வாயில ஊத்துனாங்க. அந்த வூட்லயே சோறு இல்லிங்க. அவங்க புள்ளைங்க என் வாயப் பாத்துக்கினே நிக்கும். காய்ச்சல் வுட்டதும் அவங்களே ரயிலடி வரைக்கும் வந்து ஏத்தி வுட்டாங்க." குரல் அங்கேதான் இடறியது. "இப்ப அவங்க எந்த ரோட்ல நடந்துக்கினு இருக்காங்களோ."

அவருக்கு முதலில் வந்தது கோபம். தன்னிடம் மறைத்துவிட்டார்களே என்ற அற்பமான கோபம்தான். "எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றார்.

"பதிமூணு வயசுப் பொண்ணு அம்பது நாளு ஆம்பளைங்க கூட்டத்தோட நடந்து வந்துதுன்னு சொல்லியிருந்தா நீங்க பொண்ணு பாக்க வந்திருப்பீங்களா? உங்கம்மா வுட்டிருப்பாங்களா?"

விட்டிருக்க மாட்டாள். அவரும் வந்திருக்க மாட்டார். மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"கட்டிக்கினு வந்த பொறவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சரித்திரம் சொல்லிக்கினு இருந்தீங்க. நான் கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அன்று தறியில் உட்கார்ந்தார், ஆனால் ஊடை இழை ஓட்டும் நாடா ஓடவில்லை. இரண்டு முறை இழை அறுந்தது. பக்கத்து மாகறல் கோயிலுக்குப் போவதென்றாலும் அவள் முந்தானையில் உப்பை முடிந்துகொள்வதும், ஊசியைத் தாலிச்சரட்டில் செருகிக்கொள்வதும், "இன்னாம்மே, படையெடுத்தா போறே?" என்று அவர் கேலி செய்ததும் ஞாபகம் வந்தது. வீட்டில் குடம் காலியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. ஒருநாளும் கால் வலிக்கிறது என்று அவள் சொன்னதில்லை. ராஜாக்கள் படை நடத்திப் போன தூரத்தையெல்லாம் மைல் கணக்கில் மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு, தன் எதிரே உட்கார்ந்திருந்தவள் நடந்த தூரம் தெரியாமல் போயிருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தார். அவள் மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தாள். இவளா, என்று இருந்தது. இவள்தான், என்றும் இருந்தது.

"ஞாயித்துக்கெழம நீ வா" என்றார். "நீ சொன்னாத்தான் சரியா வரும்."

அவள் சுற்றிய தாரைக் கழற்றிக் கூடையில் போட்டாள். அவர்கள் பெண் காந்தாவுக்கு அடுத்த தெருவில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்து பேசியவள் அம்சவேணி; கூட்டத்துக்கு அவளும் வருவாள். அவள் காதில் விழுவது மாப்பிள்ளை வீட்டில் விழுந்த மாதிரிதான். "வரேன்" என்றாள் கடைசியில். "நைனா சங்கதி மட்டும் நமக்குள்ள இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்து நடு ஹாலில் பழந்துணி மலையாகக் குவிந்திருந்தது. கிழிந்த பாவாடை, காலர் இற்றுப்போன சட்டை, யாரோ ஒருவர் கழித்த திரைச்சீலை. கமலாட்சி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, பாதியை ஓரமாகத் தள்ளினாள்.

"இன்னாக்கா, குடுத்தத கழிக்கிறியே?" என்றாள் அம்சவேணி.

"இது ரெண்டு நாளு தாங்காது. செருப்பு வேணும். பழசு வாணாம்."

"கப்பல்ல வந்த ரங்கூன்காரி, உனக்கு இன்னா தெரியும் அகதிங்க பாடு?" அம்சவேணி விளையாட்டாகத்தான் கேட்டாள்.

கமலாட்சி எழுந்து நின்றாள். ஹாலில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். "கப்பல்ல வரல. நடந்துதான் வந்தேன். பதிமூணு வயசு. கூட வந்தவங்க யாரோ எவரோ. நான் செத்திருக்கணும், சிட்டகாங் பக்கத்துப் பொம்பள ஒருத்தி சோறு குடுத்தா. இப்ப அவ ஊருதான் நடந்துக்கினு இருக்குது."

அம்சவேணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் காலைப் பார்த்தாள். "எத்தினி நாளுக்கா?" என்று கேட்டாள், குரல் தணிந்து.

"அம்பது."

வீரபாகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பந்தம், நீ பேசுப்பா" என்றார். திருஞானசம்பந்தம் எழுந்தார். முக்கால் மணி நேரத்துக்கான சாளுக்கியர் தொண்டை வரை வந்து நின்றார்கள். "அவங்க சொன்னதுதான்" என்றார். "அவங்க கேக்குறத குடுங்க." உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது என்று தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டிருந்த சாயங்காலத்தில் அம்சவேணி வந்தாள். கையில் பேப்பர் சுற்றிய பொட்டலம். புதுச் செருப்பு, இரண்டு ஜோடி. "பையனோட அம்மா குடுத்தாங்க" என்றாள். "தையில தேதி பாக்கலாமான்னு கேட்டாங்க. அப்புறம், உப்பு எப்படி முடியுறதுன்னு அவங்களுக்கும் காட்டணுமாம்."

கமலாட்சி காட்டினாள். அந்த வாரம் முழுக்கப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூட்டையை எப்படிக் கட்டினால் தலையிலும் நிற்கும், இடுப்பிலும் நிற்கும், தூங்கும்போது தலைக்கும் ஆகும் என்று அவள் கைகள் சொல்லிக்கொடுத்தன. திருஞானசம்பந்தம் பேப்பரைப் பிரிக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அந்த மலைக்குப் பேர் என்ன, தெலுங்குக்காரர்களில் யாராவது இன்னும் இருக்கிறார்களா, ராத்திரியில் எங்கே படுத்தாள். ஒரு நாளைக்கு ஒன்று என்று கேட்டார். அவள் சில நாள் சொன்னாள், சில நாள் சொல்லவில்லை.

மூட்டைகளை ஏற்ற வந்த, மெட்ராஸுக்குப் போகும் லாரி தெருவுக்குள் நுழைய முடியாமல் ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவிலேயே நின்றுவிட்டது. தறிப் பாவை நீட்டிக் கஞ்சி தோய்கிற வழியெல்லாம் சேறு. பெண்கள் ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கிளம்பினார்கள். பேச்சுச் சத்தம் தானாக அடங்கியது. திருஞானசம்பந்தம் கடைசி ஆளாகத் தோளில் ஒரு மூட்டையோடு நடந்தார். தூறலில் முன்னால் போகிறவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. எல்லோருக்கும் முன்னால் கமலாட்சி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் எங்கே கால் வைக்கலாம் என்று பார்த்து வைத்து, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள் அவள் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தார்கள்.