கடைசி வரிசையிலிருந்து பார்த்தால்

மேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அன்று ஒருவர் பின் ஒருவராக வந்து எழுத்து அட்டையைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். கடைசி வரியின் கடுகளவு எழுத்துகளில்கூட ஒருவரும் தடுமாறவில்லை. கண் பரிசோதனை செய்ய வந்தவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, என்னவோ எல்லாம் தான் பெற்ற பிள்ளைகள் மாதிரி. பிறகு சந்தேகம் தட்டியது. ஒரு பையன், அவள் குச்சியை எடுத்து எழுத்தைக் காட்டுவதற்குள் அந்த வரியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் வந்த இரட்டைச் சடைக்காரி கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, அட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தயங்கி நின்றாள்.

"மிஸ், இதுக்கும் மார்க் உண்டா?"

"மார்க்கா? கண்ணுக்கு எதுக்கும்மா மார்க்?"

"டெஸ்ட்னு சொன்னாங்களே," என்றாள் சடைக்காரி.

எதையும் நோண்டிப் பார்க்காமல் விடுகிற ஜென்மம் இல்லை நம்முடைய பரிசோதகி. கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததே கண்ணுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசையில்தான். தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல வெளியே வந்து வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே போய்வந்த பிள்ளைகள், வரிசையில் நின்ற பிள்ளைகளின் காதில் எழுத்துகளை ஓதிக்கொண்டிருந்தார்கள். ப, ய, ட, ர. பிறகு ம, ண. விஷமம் ஏதும் இல்லை. கூட்டாளிக்குக் கைகொடுக்கிற அக்கறைதான். தேர்வு எழுதி, ஆயிரம் பேரில் பொறுக்கி எடுக்கப்பட்டு இங்கே வந்த பிள்ளைகள். கேட்ட கேள்விக்கு 'தெரியவில்லை' என்று சொல்லி அவர்களுக்குப் பழக்கமே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன வாரம்தான் பொதுப் பள்ளியில் இதே அட்டையை மாட்டியிருந்தாள். அங்கே கதை தலைகீழ். ஒரு பெண்ணுக்கு இலவசமாகச் சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி கிடைத்துவிட, வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே நாளில் பார்வை போய்விட்டது. உள்ளங்கை அகல எழுத்துகூடத் தெரியவில்லை என்று சாதித்த ஒருவன், எதிர்ச் சுவரில் ஊர்ந்த பல்லியைக் காட்டி, "அதுக்கு வால் இல்ல மிஸ்," என்றான். கட்டணப் பள்ளிப் பிள்ளைகளோ கடைக்கே அம்மாவோடு வருவார்கள். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அம்மா படித்துவிடுவாள். ஒரே அட்டைதான், அதைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதமாகப் பிள்ளைகள் படிப்பது ஏன் என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள்.

பைக்குள் சுருட்டி வைத்திருந்த இன்னொரு அட்டையை எடுத்து மாட்டினாள். எழுத்துகள் வேறு, வரிசை வேறு. பிள்ளைகளை மறுபடி அழைத்தாள். இரட்டைச் சடைக்காரி மூன்றாவது வரியோடு நின்றுவிட்டாள். உதடு துடித்தது.

"அந்தப் பழைய அட்டையா இருந்தா எல்லாம் சொல்லியிருப்பேன் மிஸ்."

"தெரியும்டா கண்ணு," என்று தலையைத் தடவிக் கொடுத்தாள். தடவிய கை அப்படியே நின்றுவிட்டது. அதே பழைய அட்டை ஒன்று அவள் வீட்டிலும் இருந்தது.

கடையில் ஓரம் கிழிந்ததால் கழித்துவிட்ட அட்டை. தன் இரட்டைப் பிள்ளைகள் பேசப் பழகிய வயதில் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதை வைத்துத்தான் இரண்டுக்கும் சோறு ஊட்டினாள்; ஓர் எழுத்து சொன்னால் ஒரு வாய். மகன் சொன்னதைக் கேட்கிற அமைதிப் பேர்வழி, அதனால் வீட்டில் அவனுக்குச் சாமியார் என்று பெயர். மகள் வாலு. சாமியார் ஒரு வரி படிப்பதற்குள் வாலு அட்டை முழுவதையும் மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். வருஷா வருஷம் பிறந்தநாளன்று இரண்டு பேருக்கும் அந்த அட்டையில்தான் கண் பார்ப்பாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆராய்ந்து ஆராய்ந்து பார்க்கிறவள், பெற்றதுகளுக்கு மட்டும் அடுப்பைக் கவனித்தபடி, "சரி, போ," என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டில் ஒரு வாரமாக யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மேட்டுப் பள்ளித் தேர்வில் சாமியாருக்கு இடம் கிடைத்துவிட்டது, வாலுவுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் சாமியாரின் இடமும் போய்விடும். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவருக்கு அவனை மட்டும் அனுப்ப மனமில்லை. "ஒரே வயித்துல ஒண்ணா கெடந்ததுங்க. ஒண்ணை மேலே ஏத்திட்டு ஒண்ணைக் கீழே நிறுத்தி வெக்கச் சொல்றியா? நாளைக்கு அவ நம்மளைக் கேப்பா," என்றார். "அனுப்பலேன்னா அவன் கேப்பான்," என்றாள் இவள். வாலு மட்டும் எதுவும் கேட்கவில்லை. முந்தாநாள் செருப்பை மாட்டிக்கொண்டே, மழை வரும்போல என்று சொல்கிற தொனியில், "நான் மக்குதானேம்மா," என்றாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் இருந்த அட்டையின் மேல் புதியதை ஒட்டினாள்.

"வாலு, இங்க வந்து நில்லு. ஒரு கண்ணை மூடிக்கோ."

"இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லையே."

"சொன்னதைச் செய்டி."

வாலு முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது வரியில் ஒன்று சரி, ஒன்று தப்பு. அப்புறம் பழக்க தோஷத்தில் பழைய அட்டையைப் பாட்டாகச் சொல்ல ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"இது வேற அட்டையா?"

"ஆமா. அது தெரியலையா உனக்கு?"

அம்மா மண்டியிட்டு மகளின் உயரத்துக்கு வந்தாள்.

"டெஸ்ட் அன்னிக்கு மேட்டுப் பள்ளியில கேள்வியெல்லாம் திரையில போட்டாங்களே. நீ எங்கே உக்காந்திருந்தே?"

"கடைசி வரிசையில. எங்க கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் அங்கதான் ஓடிப்போய் இடம் பிடிச்சோம். நாற்காலி நல்லா இருந்துச்சு. சாமியார் மட்டும் முன்னாடி போயிட்டான்."

"திரை தெரிஞ்சுதா?"

"வெள்ளையாத் தெரிஞ்சுது. ஒண்ணு ரெண்டு நானே யூகிச்சு எழுதினேன்."

"ஏன்டி யார்கிட்டயும் சொல்லலை?"

வாலு அம்மாவை வினோதமாகப் பார்த்தாள். "தூரத்துல இருக்கறதெல்லாம் அப்படித்தானேம்மா இருக்கும்? எல்லாருக்கும்."

பள்ளியில் ஓயாமல் பேசுகிறாள் என்று வாலுவைப் பின்பெஞ்சில் தள்ளியதும், பின்பெஞ்சுக்குப் போனபிறகு இன்னும் அதிகமாகப் பேசுகிறாள் என்று புகார் வந்ததும் அம்மாவின் நினைவுக்கு வந்தன. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்தில் இருப்பவளிடம் பேசாமல் வேறு என்ன செய்யும்? கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாமியார் மெதுவாக வாயைத் திறந்தான்.

"அப்ப நான் முன்னாடி உக்காந்ததாலதான் பாஸ் பண்ணினேனாம்மா?"

"நீ படிச்சே, பாஸ் பண்ணினே," என்றாள். அது உண்மைதான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேட்டுப் பள்ளித் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றாள். வருஷக் கணக்கில் பழக்கம், நல்ல மனுஷி. நாற்காலியைக் காட்டி, தேநீர் வரவழைத்து, குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் படிக்கும் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார்.

"உங்க பொண்ணுக்கு மறுபடி டெஸ்ட் வெக்கலாம். எனக்கு அதிகாரம் இருக்கு," என்றார். அவள் எழுந்து கையெடுத்துக் கும்பிடப் போனாள். "இருங்க. அன்னிக்குக் கடைசி வரிசையில உங்க பொண்ணு மட்டும் இல்லையே. யாருக்குத் தெரிஞ்சுது, யாருக்குத் தெரியலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க பொண்ணுக்கு அம்மா கண் பாக்கறவங்க. அப்படி ஒரு அம்மா இல்லாத பிள்ளைக்கு என்ன செய்யறது?"

"எல்லாருக்கும் மறுபடி வைங்க மேடம்."

"அப்ப இடம் கிடைச்ச பிள்ளைங்க? உங்க பையன் உட்பட?"

அவள் மறுபடி உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் தன் மகளுக்காகப் பேச வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை. கொடுக்கிறேன் என்கிறதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நேரத்திலும் பாழாய்ப்போன அந்த நோண்டுகிற புத்தி உள்ளே குடைந்தது. வாலுவோடு ஓடிப்போய் இடம் பிடித்த மற்றப் பிள்ளைகளுக்கு என்னதான் தெரிந்திருக்கும்?

"மேடம், அந்த ஹாலை ஒரு தடவை பாக்கலாமா? அன்னிக்குப் போட்ட மாதிரியே திரையையும் போடச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

"எதுக்கு?"

"எனக்கே தெரியலை. பாக்கணும்போல இருக்கு."

தலைமை ஆசிரியை சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

ஹாலில் ஆள் இல்லை. ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, உதவியாளர் அன்றைய கேள்விகளை வெண்திரையில் ஓடவிட்டார். பரிசோதகி கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே சிவப்பு மெத்தை வைத்த நாற்காலிகள். பிள்ளைகள் ஏன் ஓடிவந்தார்கள் என்று உட்கார்ந்ததுமே புரிந்தது. அங்கிருந்து அவளுடைய நல்ல கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. பைக்குள் கைவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிற அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை எடுத்தாள். நேற்று இரவே கடைக்கு அழைத்துப்போய் அளந்த மகளின் பவரை நினைத்துக்கொண்டு, அதே அளவுக்குத் தன் பார்வையை மங்கவைக்கும் வில்லைகளாகப் பார்த்துச் செருகினாள். போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

வெள்ளை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஈரம் கசிந்ததுபோல. அது எண்ணா, எழுத்தா, படமா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் மகள் இதைத்தான் உலகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இதற்குள் உட்கார்ந்துகொண்டு ஒன்றிரண்டை யூகித்து எழுதினாளாம். அவளுக்கு அழுகையும் வந்தது, மகளை நினைத்துப் பெருமையும் வந்தது. கண்ணைத் துடைக்கச் சட்டத்தைக் கழற்றியபோது, தலைமை ஆசிரியை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தெரியுது?"

"நான் சொன்னா நீங்க நம்புவீங்க மேடம். ஆனா நம்பறது வேற, பாக்கறது வேற."

அவர் கையை நீட்டினார். "குடுங்க, நான் பாக்கறேன்."

சட்டம் அவர் மூக்கில் சரியாக உட்காரவில்லை. பரிசோதகி காதோரக் கம்பியைச் சரிசெய்துவிட்டாள். தலைமை ஆசிரியை நிமிர்ந்து திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார், அச்சு அசல் இரட்டைச் சடைக்காரி மாதிரி. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"முதல் கேள்வி என்ன மேடம்?"

"இருங்க. இது நான் எழுதின கேள்விதான். எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. தெரியறதைத்தான் சொல்லணும், இல்லையா?"

அவர் இன்னும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே திரை மாறிவிட்டது. அன்றைக்கு வைத்த வேகத்திலேயே, கேள்விகள் தாமாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"அதுக்குள்ள மாத்திட்டாரா? இன்னும் முதல் கேள்வியே பாக்கலையே."

முன்னாலிருந்த உதவியாளர் திரும்பிப் பார்த்தார். தலைமை ஆசிரியை சட்டத்தைக் கழற்றவில்லை. கால்களைத் தரையில் ஊன்றி, நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அது நகரவில்லை. குனிந்து கையால் தடவினார்; நாற்காலியின் நான்கு கால்களும் தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தன. திரை மறுபடியும் மாறியது.