சாம்சனும் ஒரு கைப்பிடி கிஸ்மிஸும்

காலை ஆறு மணி. காலடிப்பேட்டை மார்க்கெட் தெருவில் பூக்கடையைத் தவிர எதுவும் திறந்திருக்கவில்லை. மளிகை மொத்தக் கடையின் மாடிப்படியிலிருந்து அனிஷா நாயுடன் இறங்கி வந்தாள். சாம்சன் நான்கு வயது லேப்ரடார். தினமும் வலப்பக்கம் திரும்பிப் பால் பூத் வரை போய்விட்டு வருவார்கள். அன்று அவன் இடப்பக்கம் திரும்பினான். இடப்பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலை. அங்கே கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டினால் குப்பம், குப்பத்தில், சமீபத்தில் சாம்சனைப் பத்து நாள் வைத்துப் பார்த்துக்கொண்ட சிவந்தியின் வீடு.

"லே சாம்சா, இங்க வாலே," என்று அனிஷா சங்கிலியை இழுத்தாள். அவன் நான்கு காலையும் தரையில் ஊன்றி நின்றான்.

கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் வெள்ளத்துரை சிரித்தான். "உம் பிள்ளைக்கு ரெண்டாவது அம்மா வீடு ஞாபகம் வந்துட்டு போல."

ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் அவன் அந்தப் பேச்சை மறந்துவிட்டான். அனிஷா அன்று முழுவதும் மறக்கவில்லை.

இதைப் பொறாமை என்று சொல்லலாமா என்பதில் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாயின் பொருட்டு, நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு, மீன்பிடிக் குப்பத்தில் இருக்கும் இன்னொரு பெண்ணின் மேல் வந்த பொறாமை. வேறு சொல் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. மகள் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் பகலெல்லாம் அனிஷா பேசியது சாம்சனிடம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலைக்கு முன்பு, நவம்பர் இருபதாம் தேதி, அவர்கள் கொழுந்தன் கல்யாணத்துக்குச் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போயிருந்தார்கள். பத்து நாள். அப்போதுதான் முதல்முறையாகச் சாம்சனைச் சிவந்தியிடம் விட்டார்கள். சிவந்தி ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் ஆறு வருடம் உதவியாளராக இருந்தவள். அது மூடப்பட்ட பிறகு, ஊருக்குப் போகிறவர்களின் நாய், பூனைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். விடும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அக்கா, நீ கட்டின துணி ஏதாச்சும் ஒண்ணு குடு. துவைக்காததா பாத்துக் குடு."

ஓசியில் துணி கேட்கிறாள் என்று அனிஷா நினைத்தாள். கொடியில் கிடந்ததிலேயே ஓரம் கிழிந்த பழைய துப்பட்டாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

முப்பதாம் தேதி கூட்டிவரப் போனபோது சாம்சன் குளித்துப் பளபளவென்று இருந்தான். உடம்பிலிருந்து வேப்பிலை வாசம் வந்தது.

"இளைச்சிட்டானே," என்றாள் அனிஷா.

"இளைக்கல க்கா. ஊதிக்கினு இருந்தது வத்திச்சி. தெனம் காலைல கடலாண்ட ஓடினான். ரோடு சுடறதுக்கு முன்னாடி இட்டுக்கினு போய் இட்டாந்துடுவேன். சுட்டா பாதம் வெந்துடும், பாவம், செருப்பா போட்டுக்கினு கீது?" என்ற சிவந்தி, குனிந்து நாயின் காதைத் தடவினாள். "போய்ட்டு வா நைனா. அக்காவ ஒயுங்கா பாத்துக்க."

சாம்சன் அவள் கையை நக்கினான். அனிஷா அதைப் பார்த்தாள்.

கிளம்பும்போது சிவந்தி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தாள். சாக்லேட், வெங்காயம், வேகவைத்த எலும்பு கொடுக்காதே. மனுஷனுக்குப் போடும் காய்ச்சல் மாத்திரையைப் போடாதே. மழைத் தண்ணி தேங்கினால் குடிக்க விடாதே, எலி மூத்திரம் கலந்திருக்கும். வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி. இப்படி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. மேலிருந்து இரண்டாவது வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: 'திராட்சை, கிஸ்மிஸ் ஒண்ணு கூட வேணாம். கிட்னி பூடும்.'

"கண்ல படுற எடத்துல ஒட்டு க்கா. ஃபேன்சியா எய்தல, ஆனா அல்லாம் கரீட்டு," என்றாள்.

என் நாயை எப்படி வளர்ப்பதென்று இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா என்று அனிஷா நினைத்தாள். கடைக்கு வந்ததும், பில்களைக் குத்தி வைக்கும் கம்பியில் அந்தத் தாளையும் குத்தினாள். அடுத்த நாளே அதன் மேல் முப்பது பில்கள் ஏறிவிட்டன. திரும்பி வந்த துப்பட்டா நிறைய நாய்முடி ஒட்டியிருந்தது. தரை துடைத்திருப்பாள் என்று எண்ணி அதைப் பழந்துணியோடு போட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாம்சன் உடனே பாய்வதில்லை, உட்கார்ந்து காத்திருந்தான். யாருடைய சொல்லுக்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். ஒரு மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில், "நைனா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

அவன் துள்ளி எழுந்து ஓடி வந்தான். அவள் புடவையை மோந்தான். பிறகு அவளைச் சுற்றிப் போய் அவளுக்குப் பின்னால் யாரையோ தேடினான்.



டிசம்பர் மூன்றாம் தேதி கிறிஸ்துமஸுக்கான கிஸ்மிஸ் பெட்டிகள் வந்திறங்கின. கேக் போடுகிறவர்கள் அந்த மாதம் கிலோ கணக்கில் வாங்குவார்கள். அனிஷா எடை போடும்போது நாலைந்து கீழே சிந்தின. சாம்சன் நக்கித் தின்றுவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தான். நாசரேத்திலிருந்து வந்த பிறகு அவன் அப்படிப் பார்த்தது அன்றுதான். அவள் இன்னும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள். மதியம் முழுக்க அவன் அவள் காலடியிலேயே கிடந்தான்.

இரண்டு கோடு போட்ட வரி அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. 'இருபது வருசமா மூட மூடயா விக்கோம். கைப்பிள்ளைக்கே ஊறவச்சுத் தண்ணி குடுக்காங்க. இதப் போய் விசம்ங்கா,' என்று நினைத்தாள். அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. அவன் எனக்கு வால் ஆட்டக் கூடாதென்றே இதை எழுதியிருப்பாள்.

தினமும் கொஞ்சம் கொடுத்தாள். டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்கு அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

பன்னிரண்டாம் தேதி காலை, இரண்டு நாய்களோடு எதிரே வந்த சிவந்தி சாம்சனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள். தான் கூப்பிட்டால் அவன் பழைய இடத்துக்கே ஏங்குவான், வீட்டுக்காரர்களிடம் ஒட்ட மாட்டான் என்பது அவள் தொழிலில் கற்றது. திருப்பிக் கொடுத்த எந்த நாயையும் அவள் தெருவில் கூப்பிடுவதில்லை. சந்துக்குள் போய் நின்று, சுவரில் சாய்ந்து, அவன் குரைப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

அனிஷா கண்டது வேறு. எவ்வளவு திமிர், என் நாயை மயக்கிவிட்டு என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்புகிறாள். சாம்சன் ஊளையிட்டுக்கொண்டே சந்துப் பக்கம் இழுத்ததில் அவள் உள்ளங்கை தோல் உரிந்தது. வீட்டுக்கு வந்து, எரிந்த அந்தக் கையாலேயே இரண்டு கைப்பிடி கிஸ்மிஸ் அள்ளி அவன் தட்டில் போட்டாள்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து சாம்சன் வாந்தி எடுத்தான். எட்டு மணிக்குக் கேக்குக்குக் கிஸ்மிஸ் வாங்க ஐரீன் வந்தபோது அவன் கல்லாவுக்குக் கீழே சுருண்டு கிடந்தான். ஐரீன் பக்கத்துத் தெருக்காரி, பூனை வளர்க்கிறாள், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது பூனையைச் சிவந்தியிடம் விடுவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு இவனுக்கு?"

"அந்தப் பொம்பள வீட்ல விட்டோம்லா, அதுலேர்ந்தே சரியில்ல," என்றாள் அனிஷா. "எலியும் கலீஜுமா கெடக்க எடம். ஒம் பூனய யோசிச்சு விடு."

சொன்ன எலியை அவள் கண்டதே இல்லை. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஐரீன் கடைப்படி இறங்குவதற்குள் சிவந்திக்கு, பூனையை விடவில்லை என்று போன் செய்துவிட்டாள். காரணத்தையும் சொன்னாள்.

பத்து மணிக்குச் சாம்சனால் எழுந்து நிற்க முடியவில்லை. வெள்ளத்துரை அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் மதி வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"மூத்திரம் போனானா?"

"காலைலேர்ந்து இல்ல டாக்டர்," என்றான் வெள்ளத்துரை.

"வழக்கமா குடுக்காதது ஏதாவது குடுத்தீங்களா?"

அனிஷா கணவனைப் பார்த்தாள். "இல்ல டாக்டர். சோறும் கோழியும்தான். போன மாசம் ஒரு இடத்துல விட்டிருந்தோம், கடலோரத்துல."

"அப்ப எலிக்காய்ச்சலா இருக்கலாம். இல்ல சும்மா வயிறு கெட்டிருக்கலாம். ரத்தம் எடுக்குறேன், ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்புறேன். விட்டிருந்த இடத்துல என்ன சாப்பிட்டான், எந்தத் தண்ணி குடிச்சான்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

வெள்ளத்துரை போன் போட்டான். அரை மணியில் சிவந்தி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள், கையில் நாற்பது பக்க நோட்டு. அனிஷாவைப் பார்க்காமல் நேராக மேசைக்கருகே போய், சாம்சனின் நெற்றியில் கை வைத்தாள். அவன் வால் ஒருமுறை அசைந்தது.

"டாக்டர், பத்து நாளு கணக்கும் இதுல கீது. துன்னது, குடிச்சது, வெளிக்கி போனது அல்லாம். என் வூட்ல எலி கீதுன்னு ஐரீன் அக்கா போன்ல சொல்லுச்சு. எங்க வூட்ல ஏயு பூனை வந்து போவுது, எலி எங்க இருக்கும்? காய்ச்சின தண்ணிதான் குடுத்தேன். நீங்களே படிச்சுப் பாருங்க."

டாக்டர் வாய்விட்டே படித்தார், ஒவ்வொரு தேதியாக.

"நவம்பர் இருபது. ராத்திரி துன்னல. கதவாண்டயே குந்திக்கினு இருந்தான். அக்கா துப்பட்டாவ விரிச்சேன். அதும் மேல மூஞ்ச வெச்சிக்கினு தூங்கினான். இருபத்தொண்ணு. காலைல அரைத்தட்டு துன்னான். துப்பட்டாவ வாய்ல கவ்விக்கினே சுத்தறான். இருபத்திநாலு. நாறுதேன்னு துவைக்க எடுத்தேன். அழுதான். திருப்பிக் குடுத்துட்டேன். வாசம் பூட்டா அக்கா வராதுன்னு நெனச்சிக்குவான்."

டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். அனிஷாவின் காதில் அதற்கு மேல் எதுவும் விழவில்லை. ஓரம் கிழிந்ததாகத் தேடி எடுத்துக் கொடுத்த துப்பட்டா. பழந்துணியோடு அவள் எறிந்த துப்பட்டா. பத்து நாளும் அவன் காத்திருந்தது அவளுக்காக. இத்தனை நாள் யாரிடமிருந்து யாரை அவள் பறிக்கப் பார்த்தாள்?

"இங்க ஒண்ணும் தப்பா இல்ல," என்று டாக்டர் நோட்டை மூடினார். "சரி, ஊசி போட்டு அனுப்புறேன்."

"டாக்டர்," என்றாள் அனிஷா. "கிஸ்மிஸ் குடுத்தேன்."

வெள்ளத்துரை திரும்பிப் பார்த்தான். "என்னது?"

"பத்து நாளா குடுத்தேன். நேத்து ரெண்டு கைப்பிடி. குடுக்கக் கூடாதுன்னு இவ எழுதியே தந்தா. நான்தான்..."

டாக்டர் அதற்குள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "ட்ரிப்ஸ் பாட்டில் எடுங்க," என்று உள்ளே குரல் கொடுத்தார். "நாளைக்கு ரிசல்ட் வரட்டும்னு அனுப்பியிருந்தா கிட்னி போயிருக்கும்மா. சில நாய்க்கு நாலஞ்சு கிஸ்மிஸே போதும். மூணு நாள் இங்க வரணும். மூத்திரம் வந்தா பொழைப்பான். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ட்ரிப்ஸ் ஏறத் தொடங்கியதும் வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பெண்களும் நின்றார்கள். சிவந்திதான் முதலில் பேசினாள்.

"எம் மேல கோவம்னா என்னாண்ட வந்து நாலு வார்த்த கேட்டிருக்கலாமே க்கா. நானும் நாலு குடுத்திருப்பேன், கணக்கு முடிஞ்சிருக்கும். வாயில்லாத சீவன் அவன் இன்னா பண்ணான்?"

"அவன் ஒன்னத் தேடித்தான் அந்தப் பக்கம் இழுக்கான்னு நெனச்சேன்," என்றாள் அனிஷா.

"என்ன எதுக்கு க்கா தேடறான்? கடலாண்ட ஓடத்தான் இஸ்துக்கினு வரான். நீ பால் பூத்தோட திருப்பி இட்டுக்கினு வந்தா அந்த ஒடம்புக்கு எப்டி பத்தும்?"

முதல் நாள் மூத்திரம் வரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அவனை மரத்தடிக்கு நடத்தி வந்தார்கள். அவன் மோந்தான், தடுமாறினான், பிறகு காலைத் தூக்கினான். அனிஷா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஊசி போட மாடு கொண்டுவந்த ஒருவர், "நாய் ஒண்ணுக்கு போனதுக்கா இந்த அழுவ?" என்றார். "நீ போ மாமு, உனுக்கு இன்னா தெரியும்," என்று சிவந்தி அவரை விரட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இருபதாம் தேதி ஐரீன் மறுபடி கடைக்கு வந்தாள். கிஸ்மிஸ் டப்பாவுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நடுவில் கம்பி குத்திய ஓட்டை. இரண்டு கோடு போட்ட வரிக்குக் கீழே மூன்றாவது கோடு ஒன்றும் புதிதாக இருந்தது. கல்லாவின் அருகே சாம்சன் மெலிந்து போய், ஆனால் தலையைத் தூக்கி உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் அரைக் கிலோ கிஸ்மிஸ் குடுங்க. இவன் தேறிட்டானே. அந்தக் குப்பத்து வீட்டால வந்த சீக்குதானே?"

அனிஷா எடைக்கல்லைக் கீழே வைத்தாள். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"அன்னைக்கு நான் ஒங்கிட்ட சொன்னது பொய் ஐரீன். சீக்கு இந்தக் கையிலேர்ந்துதான் வந்தது. அவ நல்லாப் பாத்துக்கிட்டா, அது எனக்குப் பொறுக்கல. என்னைய மட்டும் பாக்கணும்னு அவன் கேட்டதயெல்லாம் ஊட்டுனேன். அதுக்குப் பேரு பிரியம் இல்ல. அவன் ஒடம்புக்கு எது ஆவும், எது ஆவாதுன்னு தெரிஞ்சுக்கணும், தெரிஞ்சவங்க சொன்னா யாரு சொல்லுதாங்கன்னு பாக்காம கேக்கணும். அதான் பிரியம். நீ பூனையச் சிவந்திகிட்டயே விடு. விடும்போது நீ கட்டுன துணி ஒண்ணும் குடு, நல்லதாப் பாத்துக் குடு."