இடம் போகும் வழி

1

இந்தக் கதை ஒரு அம்புக்குறியிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று கேட்டால் இல்லை என்பேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

அடி அண்ணாமலையில், மலையை ஒட்டிய ஒரு தெரு. நடுவில் ஒரு மின்கம்பம். அதில் கம்பியால் கட்டிய தகரப் பலகை. ‘பேரிடர்க் காலத்தில் இடப்பக்கம் செல்க. பாதுகாப்பு மையம்: பள்ளிக்கூடம்.’ கீழே வெள்ளை அம்பு. எழுத்துப் பிழை இல்லை. அம்பும் சரியான திசையைத்தான் காட்டியது. பிழையே இல்லாத அரசுப் பலகையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

மழைக்கு முன்பே அந்தத் தெரு பயந்துபோயிருந்தது. (பொய். தெரு பயப்படவில்லை.)

மலை என்பது — (வேண்டாம். இந்த ஊரில் மலையைப் பற்றிப் பேசாத வாய் இல்லை.)

வீரேந்திரன் பலகையைக் கட்டினான். (இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.)

2

வீரேந்திரன் பலகையைக் கட்டினான். நயினார் வீட்டுப் பிள்ளை, அதாவது சமணன். பெற்றோர் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்கள். அவன் திருவண்ணாமலை டவுனில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறான். கல்லூரியில் உடன் படித்தவளைக் கட்டிக்கொண்டு, அவளுடைய ஊரிலேயே தங்கிவிட்டான். போன மழைக்காலத்தில் அவள் இறந்தாள். மகள் அக்ஷயாவுக்கு மூன்று வயது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாமியார் ஜோதியம்மாள். மூவரும் அந்தத் தெருவில், ஒரே வீட்டில்.

மனைவி பாறை விழுந்து இறந்திருப்பாள் என்று நினைத்தீர்கள்.*

(* நினைத்தீர்கள். மலை, மழை, செத்த மனைவி என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காய்ச்சலில் இறந்தாள். ஆஸ்பத்திரியில், தலைக்கு மேல் மின்விசிறி ஓட. மலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவள் பெயரை நான் இன்னும் எழுதவில்லை. வீரேந்திரனும் அதை வாயால் சொல்வதில்லை. நாங்கள் இரண்டு வேறு ஆட்கள்.)

தெருவும் உங்களைப் போலத்தான். “பொண்டாட்டி போனதுலேர்ந்து அந்தப் புள்ளைக்கு எல்லாமே மேல வந்து விழற மாதிரி தெரியுது” என்றார்கள். அவன் சொன்ன எதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அவன் சொன்னது எளிது. வீடுகள் மலைக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. வாசலில் இறங்கி வலப்பக்கம் போனால் தெருக்கோடியில் ஓடை, அதன் மேல் தரைப்பாலம். ஓடையின் மேல்பகுதியில் பெரிய கற்கள் சேற்றில் உட்கார்ந்திருக்கின்றன. பெருமழையில் அவை எழுந்தால் அந்த வழியாகத்தான் வரும், தெருவையும் விடாது. இடப்பக்கம் போனால் மேட்டில் பள்ளிக்கூடம். கற்கள் அங்கே வராது.

தன்னார்வலர் வேண்டும் என்று பேரிடர்க் கணக்கெடுப்புக்காரர்கள் கேட்டபோது அவன் பெயர் கொடுத்தான். வீடு வீடாகப் போனான். யாருக்கு நடக்க முடியாது, எங்கே ஓடையை மண் கொட்டி அடைத்திருக்கிறார்கள் என்று கேட்டான்.

“வீட்ல எத்தினி பேரு?”

“ஏன், யாரு கேக்கச் சொன்னது?”

பெரும்பாலும் உரையாடல் அங்கேயே முடிந்தது.

3

ஒத்திகை ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. சைரன் அடித்ததும் எல்லோரும் ஒன்றாக வெளியே வந்து பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மைக்கைப் பிடித்திருந்தவர் அர்ஜுனன், வருவாய்த் துறைக்காரர்.

சைரன் அடித்தது. யாரும் வரமாட்டார்கள் என்று வீரேந்திரன் நினைத்திருந்தான். வந்தார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேஸை அணைத்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே வந்தார்கள். தெரு நிறைந்தது.

பிறகு மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் திரும்பி, ஓடையை நோக்கி நடந்தது.

“அந்தப் பக்கம் இல்லீங்க. இந்தப் பக்கம். லெஃப்ட்ல வாங்க” என்றார் அர்ஜுனன். யாரோ அரோகரா என்றார்கள். சிரிப்பு எழுந்தது. ஆனால் கால்கள் நிற்கவில்லை. தரைப்பாலத்தின் மேல் போய் நின்றபிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். கற்கள் வந்தால் முதலில் வரும் இடத்தில், பத்திரமாக.

ஜோதியம்மாளும் அங்கேதான் நின்றார். அக்ஷயா அவர் தோளில் இருந்தாள்.

[இந்தக் காட்சியை நான்கு தடவை எழுதினேன். கதைக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. கேலிக்காகத் திரும்பினார்களா? முதலில் ஒருவர் திரும்ப, மற்றவர்கள் ஆடுபோலப் போனார்களா? வீரேந்திரனும் இதையே கேட்டான்.]

4

கேட்டது டீக்கடை ராஜமாணிக்கத்திடம்.

“வலது பக்கம் ஏன் போனீங்க?”

“மலைய வலதுல வச்சித்தான போவோம். நீ வந்து எத்தினி பௌர்ணமி ஆச்சு, பாத்ததில்ல?”

“அது கிரிவலம். இது பேரிடர்.”

“ஜனம் கூடுச்சு, சத்தம் கேட்டுச்சு, நடந்துச்சு. காலுக்கு இன்னா தெரியும், சாமியா பேரிடரான்னு.” டீயை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு சொல்றேன். போர்டுல இன்னா எழுதிக் கட்டினே? இடம் போங்கன்னு. போனா இடம் போயிடும்யா. இன்னிக்கி ஓடச் சொல்லுவான், நாளைக்கி திரும்பி வராதம்பான். மலை ஓரத்துல வீடு கட்டினவனுக்கு இது புரியாதா?”

“அப்படியெல்லாம் இல்லண்ணே.”

“உனக்கு இன்னா, உங்க ஊர்ல கடலைக் கொல்லை இருக்குது.”

வீரேந்திரன் அர்ஜுனனிடம் போய்க் கேட்டான். வீடுகளைக் காலிசெய்யும் திட்டம் எதுவும் உண்டா?

“எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க” என்றார் அர்ஜுனன்.

எனக்குத் தெரிஞ்சு. அந்த இரண்டு சொற்களை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

5

இதுவரை எழுதியது தமாஷாக இருக்கிறது. இனி இருக்காது. இந்தக் கதையில் கேள்வி ஒன்றுதான். மழைநாளின் பகலில் சைரன் அடித்தால் வீரேந்திரன் டவுனில் இருப்பான். அக்ஷயாவின் கையைப் பிடித்திருப்பவர் ஜோதியம்மாள். அவர் எந்தப் பக்கம் திரும்புவார்?

அவன் பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவான். அது அவன் வீட்டு வழக்கம். மகள் போனபிறகும் ஜோதியம்மாள் அதை மாற்றவில்லை. அன்றைக்கும் வெளிச்சம் இருக்கும்போதே தட்டை வைத்தார்.

“அத்தை, நெஜமா மழை வந்தா எடது பக்கம்தான் போவணும்.”

“சாப்பிடுங்க மாப்ள.”

“எல்லாரும் போனாலும் நீங்க வலதுல போவாதீங்க.”

“ரசம் ஊத்தட்டுமா?”

“தினம் பாலுக்கு எடது பக்கம்தான போறீங்க. அப்ப மட்டும் கால் வருதே.”

ஜோதியம்மாள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தார்.

“பாலுக்குத் தனியா போறது வேற மாப்ள. கூட்டமா, அவசரமா, கதவத் தெறந்தபடி போட்டுட்டு... அந்தப் பக்கம் அப்படி ஒரு தடவதான் போனேன்.”

வீரேந்திரன் சாப்பாட்டில் இருந்து கையை எடுத்தான். பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் சுடுகாடு. அந்தத் தெருவில் கூட்டம் இடப்பக்கம் திரும்புவது பாடை தூக்கினால் மட்டும்தான்.

“பொம்பளைங்கள முச்சந்தியோட நிறுத்திட்டாங்க. அங்க நின்னுதான் பாத்தேன். கொழந்தையத் தூக்கினு அதே மாதிரி எப்படிப் போவேன்? நீங்களே சொல்லுங்க.”

 

அவன் கைகழுவ எழுந்தான்.

(நான் அவனாக இருந்தால் அழுதிருப்பேன் என்று எழுதி அடித்துவிட்டேன். இருந்தேன். அழவில்லை. திருத்தம்: இருந்தான்.)

6

மழை ஐப்பசியில் வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் மதியம் செல்போன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. வீரேந்திரன் அலுவலகத்தில் இருந்தான். டவுனில் தண்ணீர் முழங்கால் அளவு. ஆட்டோ கிடைத்தாலும் போய்ச் சேர முடியாது. போன் செய்தான்.

“கேட்டுச்சு மாப்ள. சைரன் அடிக்குது. வாசல்லதான் நிக்கறோம்.”

“பாப்பா?”

“இடுப்புல இருக்குது. தெரு மொத்தமும் பாலத்துப் பக்கம் போவுது. கூப்புடறாங்க.”

இங்கே அவன் ஒரு வாக்கியம் பேச வேண்டும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

“கல்லு அங்கதான் வரும் அத்தை.” (அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போகிறார்கள்.)

“என் பேச்சக் கேளுங்க.” (அவன் பேச்சை அந்தத் தெருவில் யார் கேட்டார்கள்?)

“ஆர்த்தி போன பக்கமே போங்க அத்தை. அவ இருக்கா அங்க. பாப்பாவ அவகிட்ட விடுங்க.”

இதைத்தான் சொன்னான். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. சொன்ன பிறகு, செத்தவளை வேலைக்கு அனுப்பிவிட்டேனா என்று சந்தேகம் வந்தது. அவளுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. சாமிக்கும் சரி, சமணத்துக்கும் சரி, சிரிப்பாள். அங்கே அவள் இல்லை. பொய்தான். அந்தப் பொய் சொல்லத்தான் பெயர் திரும்பி வந்தது.

மறுமுனையில் மழைச் சத்தம். பிறகு, “அவ பேர இப்பதான் சொல்றீங்க” என்றார் ஜோதியம்மாள். போன் துண்டிக்கப்பட்டது.

7

எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

அ. அவர் இடப்பக்கம் திரும்புகிறார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் திரும்புகிறார்கள். பிறகு தெரு மொத்தமும். பின்னால் கற்கள் வருகின்றன. (அரசு விளம்பரப் படம்போல இருக்கிறது. ராஜமாணிக்கம் நம்ப மாட்டார். நானும்.)

ஆ. அவர் வலப்பக்கம் போகிறார். கற்கள் — (இதை எழுத மாட்டேன். எழுதினால் நடக்கும் என்று படித்தவன் நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.)

இ. அவர் இடப்பக்கம் போகிறார். தனியாக. கல் எதுவும் வரவில்லை. மழை விட்டதும் பாலத்திலிருந்து எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள். அடுத்த மழைக்கு அவரும் இடப்பக்கம் போகமாட்டார். (எனக்கு அதிகம் பயம் இந்த முடிவில்தான். நடக்காத ஆபத்து அடுத்த வருடத்துக்குத் தங்கிவிடுகிறது.)

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னை நம்பாதீர்கள். அந்தத் தெருவில் எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது.

நீங்கள் வாசலில் இறங்குங்கள். மலை உங்கள் முதுகுக்குப் பின்னால். குழந்தை இடுப்பில் கனக்கிறது. சைரன் நிற்கவில்லை. வலப்பக்கம் ஊரே நடக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இடப்பக்கம் தெரு காலியாக, முச்சந்திவரை நனைந்து கிடக்கிறது.

ஒரு கால் ஏற்கெனவே படியை விட்டு இறங்கிவிட்டது. குனிந்து பாருங்கள், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?