ஆர்த்திகாவின் முதல் பிடி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அதை ஒளிக்க விருப்பமில்லை. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பொறுப்பான சண்முகலிங்கம் அண்ணை ஒரு பின்னேரம் எடுத்தார்.

"தங்கச்சி, உம்மட மகள் ஜூடோவுக்குப் போறவள்தானே?"

"ஓம் அண்ணை."

"தற்காப்புக் கலை எங்கட பிள்ளையளுக்கு எப்பிடி இலக்கும் ஊக்கமும் குடுக்குதெண்டு ஒரு கட்டுரை எழுதித் தாரும். இரண்டு பக்கம் காணும்."

"கட்டுரை எனக்கு வராது அண்ணை. கதை மாதிரி எழுதட்டோ?"

"எதையாவது எழுதும். அச்சகத்தில இடத்தை விட்டிட்டு நிக்கிறன்."

நான் வைத்தியசாலைத் துணிகளைத் துவைக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். ஈர விரிப்புகள் நிரம்பிய வண்டியைத் தள்ளுவதும், உலர்ந்ததை இழுத்து மடிப்பதும்தான் வேலை. எழுத்து எனக்குப் பிந்தி வந்தது. சின்ன வயதில், போருக்குள், எங்கள் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர, நாங்கள் வேறு பக்கம் இடம்பெயர்ந்தோம். பிறகு மொன்றியலுக்கு வந்து, ஆர்த்திகாவைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போன இடத்தில், வெளியே குளிரில் நிற்க முடியாமல் பின் வாங்கில் போய் இருந்தேன். அவள் 'அ' எழுதினாள், நானும் எழுதினேன். அவள் கொஞ்ச நாளில் வகுப்பை விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

2

முதல் தொடக்கம்:

தற்காப்புக் கலையானது இன்றைய இளையோர் மத்தியில்

(இதை நிறுத்திவிட்டேன். 'மத்தியில்' என்று எழுதியதும் யாரோ ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து தொண்டையைச் செருமுவது போல இருந்தது.)

இரண்டாவது தொடக்கம்:

என் மகள் ஆர்த்திகா பயம் என்றால் என்னவென்றே அறியாத

(இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் கேட்டால் அவளுக்கு விளங்கும், வாசிக்கத்தான் பொறுமை இல்லை. கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள்.)

"அம்மா, ஆர் இந்தப் பிள்ளை? எனக்கும் ஒருக்கா அறிமுகப்படுத்துங்கோவன்."

"சரி, நீயே சொல்லு. எப்பிடித் தொடங்கிறது?"

"என்ன எழுதப் போறீங்கள்?"

"ஒரு நல்ல கதை."

"அது இலக்கு இல்லை அம்மா. செலீன் கேட்டா உங்களை மண்டபத்தைச் சுத்தி ஓட விட்டிடுவா. உங்கட கையில இருக்கிறதைச் சொல்லுங்கோ. இண்டைக்கு எத்தினை வரி?"

"ஆறு?"

"அப்ப ஆறு. நல்லா வந்தாலும் ஆறு, கூடாம வந்தாலும் ஆறு."

இந்தக் கதையில் சில பந்திகள் குட்டையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆலையில் வண்டிகள் கூடுதலாக வந்த நாட்கள் அவை.

3

செலீன் யார் என்று சொல்ல வேண்டும். ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட ஒரு நிலக்கீழ் மண்டபத்தில் ஜூடோ பழக்குகிற பெண். ஆள் கட்டை, குரல் நெட்டை. ஒவ்வொரு செப்டெம்பரிலும் பிள்ளைகளை வட்டமாக இருத்துவா. ஒவ்வொருவரும் எழும்பி, அந்த வருட இலக்கை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். பதக்கம் என்று சொன்னால் ஏற்கமாட்டா. "பதக்கத்தின் பாதி எதிரே நிற்கிறவளின் கையில் இருக்கிறது. முழுக்க உன் கையில் இருப்பதைச் சொல்" என்பா.

இந்த இடத்தில்தான் ஆர்த்திகாவை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. எழுத்தில் வந்ததும் அவள் தலைமயிரைப் படிய இழுத்து, நல்ல பிள்ளையாக எழும்பி நிற்கிறாள். எனக்குத் தெரிந்த ஆர்த்திகா அப்படியல்ல. பதின்மூன்று வயதில் ஒரு குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தவள். உள்ளே தொலைபேசி வெளிச்சம் மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் வயிற்றுக்குத்து என்பாள். என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்பாள். உண்மையிலேயே ஒன்றும் நடக்காததுதான் பிரச்சினை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. காலையில் எழும்ப அவளுக்கு ஒரு காரணம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி ஜூடோவுக்குப் போனாள். போனாள் என்பதே எங்களுக்குப் பெரிய காரியம். ஆனால் முதல் வருடம் போன போட்டியெல்லாம் தோற்றாள். காரணம் ஒன்றுதான். ஜூடோவில் ஆளை எறிய வேண்டுமென்றால் முதலில் உடுப்பைப் பிடிக்க வேண்டும், ஒரு கை கழுத்துப்பட்டியில், மற்றது சட்டைக் கையில். இவள் மற்றவள் பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏனடி அப்பிடி நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே பழக்கினீங்கள்! ஆரின்ர வீட்டை போனாலும், தட்டை நீட்டினா உடன கை வைக்காத, மற்றவை எடுக்கட்டும், பேந்து எடு எண்டு. நான் ஜூடோப் பாயிலயும் பிஸ்கட் தட்டுக்கு முன்னால நிக்கிற மாதிரித்தான் நிக்கிறன்."

(இதை எழுதலாமா என்று யோசித்தேன். மலரை வாசிக்கப் போகிற எல்லா வீட்டிலும் அந்தத் தட்டு இருக்கிறது. எழுதிவிட்டேன்.)

சென்ற செப்டெம்பரில் வட்டத்தில் எழும்பி அவள் சொன்ன வசனம் இது: "ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் பிடி என்னுடையது." வீட்டுக்கு வந்து எனக்கு இன்னொன்றும் சொன்னாள். "நவம்பர் போட்டியிலயும் பாத்துக்கொண்டு நிண்டனெண்டால் விட்டிடுவன் அம்மா. பிறகு கேக்கக்கூடாது."

ஜூடோவை விட்டால் அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் போர்வை இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

4

அக்டோபர் முழுக்க என்னால் ஒழுங்காக வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. இரண்டு கையிலும் மரக்கறி நிறைந்த சந்தைப் பை, தோளில் வேலைப் பை. கதவைத் திறந்தால் குளிர்ச்சட்டையின் கழுத்தில் ஒரு கை வந்து விழும்.

"முதல் பிடி!"

"விடடி, கோவா விழப்போகுது!"

"நீங்கள் என்ர கையைத் தட்டி விடவேணும் அம்மா. சும்மா நிக்கக்கூடாது."

"நான் காலமை துவங்கித் துணி பிடிச்சிட்டு வாறன். இனி உன்னையும் பிடிக்கோணுமோ?"

இப்படித்தான் அவள் அந்தப் பெரிய வசனத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். ஒரு கிழமை வலக்கை மட்டும், அடுத்த கிழமை இடக்கை மட்டும், பிறகு கால் ஓர் அடி முன்னே. பயிற்சி நாட்களில் வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தால் செலீன் ஓரத்தில் இருத்திவிடுவா என்பதால், யாரும் சொல்லாமலே புத்தகம் திறந்தது. காலையில் நான் எழுப்பப் போனால் கட்டில் வெறுமையாக இருந்தது. கட்டுரை கேட்ட சண்முகலிங்கம் அண்ணைக்கு வேண்டியது இந்தப் பந்திதான் என்று நினைக்கிறேன். இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை முடிந்திருக்கும்.

5

ஆனால் புட்டு இருக்கிறது.

போட்டி இல்-பிசார் தீவில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஆர்த்திகா நாற்பத்தெட்டுக் கிலோவுக்குட்பட்ட பிரிவு. காலையில் நிறுவை, அதற்குப் பிறகு ஆட்டம். நாங்கள் எழும்பும்போது இவர் குசினியில் நின்றார். (இவர் என்றால் ஆர்த்திகாவின் அப்பா. டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல். கதையில் ஒரு பெயர் வைக்கலாமென்று பார்த்தேன், வேறொரு ஆம்பிளை வீட்டுக்குள் வந்து நிற்பது போல இருந்தது. இவராகவே இருக்கட்டும்.)

"அப்பா, நிறுத்த பிறகு சாப்பிடுறன்."

"அடிபடப் போற பிள்ளையை வெறும் வயித்தோட அனுப்பச் சொல்லுறியோ?"

"நிறை கூடிப்போகும் அப்பா. நான் அந்தக் கோட்டுக்குக் கிட்ட நிக்கிறன்."

"நிறுவைக்கு இன்னும் நேரம் கிடக்கு. இரண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள செமிச்சிடும்."

"செமிச்சாலும் வயித்துக்குள்ளதானே இருக்கும்!"

"அதெப்பிடி? செமிச்சாக் கரைஞ்சு போடுமே."

* புட்டைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு: குரக்கன் மாவில் அவித்த புட்டு, தேங்காய்ப்பூ தாராளம், பொரித்த முட்டை, கதலி இல்லாததால் கடை வாழைப்பழம். அவருடைய சந்தோசம் முழுவதும் அந்தக் கோப்பையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தீவுக்குப் பஸ் குறைவு. குளிரில் காத்து நிற்கும்போது இவர் பிளாஸ்கிலிருந்து பால்தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார்.

6

தராசு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான், ஆனால் தராசுக்குக் கொஞ்சம் என்பதெல்லாம் கிடையாது. நிறை பார்த்த பெண் அனுதாபமாகத் தலையை ஆட்டினா. கதவடியில் நின்ற இவர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டினார்.

"மதாம், ஸே புட்டு! பா லா ஃபீ! ஸே புட்டு!"

அது பிள்ளை இல்லை, புட்டு என்று சொல்கிறாராம். அந்தப் பெண் புட்டு என்பது ஏதோ நோயின் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று ஆர்த்திகாவைக் கேட்டா.

மற்றக் கழகப் பிள்ளைகள் சிலர் நிறை குறைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். செலீன் அதற்கு விடமாட்டா. ஆர்த்திகாவுக்கு முன்னால் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னா: மேல் பிரிவில் இடம் இருக்கிறது. வீட்டுக்கும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முடிவு உன்னுடையது.

மேல் பிரிவுப் பிள்ளைகள் சுவரோரம் நின்று தோளைச் சுழற்றினார்கள்.

"அம்மா, அவளைப் பாருங்கோ. அந்த மஞ்சள் தலைமயிர். அவளின்ர ஒரு கை என்ர கால் அளவு."

முந்தின வரைவொன்றில் இந்த இடத்தில் நான் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னேன். இரண்டு வரி, அழகாக இருந்தது. நடந்தது அதுவல்ல. அவளுடைய குளிர்ச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, 'வா பிள்ளை, வீட்டை போவம்' என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இருந்தேன். இவர் வெறும் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். ("அழுததை எடுங்கோ அம்மா." "அழுதனீதானே?" "அது கோவம்." சரி, கோபத்தில் கண்ணைத் துடைத்தாள்.) பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அல்லாமல் தனக்கே சொல்வது போலச் சொன்னாள்.

"நான் வெல்லுவன் எண்டு சொல்லேல்லையே. முதல்ல பிடிப்பன் எண்டுதானே சொன்னனான். அதில நிறையைப் பற்றி ஒண்டும் இல்லை."

எழும்பிச் செலீனிடம் போனாள்.

7

இனி முடிவு. எனக்கு முன்னால் மூன்று கிடக்கின்றன.

சண்முகலிங்கம் அண்ணையின் முடிவு: ஆர்த்திகா அந்தப் பெரிய பிள்ளையைத் தூக்கி எறிகிறாள். பதக்கம். "படத்தோட முதல் பக்கத்தில போடலாம் தங்கச்சி."

இவருடைய முடிவு: அதே எறி, ஆனால் கடைசி வரியில் புட்டின் பலம் என்று வரவேண்டும். "நான் பிழை விட்டதெண்டு மலரில போடப் போறீரோ? சனம் என்ன நினைக்கும்?"

என்னுடைய முடிவு: அவள் தோற்கிறாள், ஆனால் எதிரி வந்து கட்டிப்பிடிக்கிறாள், மண்டபமே எழும்பி நின்று கைதட்டுகி

(இதை ஆர்த்திகா இடையிலேயே நிறுத்திவிட்டாள். "அப்பிடி ஒருத்தரும் எழும்பேல்லை. பாதிப் பேர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு நிண்டவை.")

"அப்ப நடந்ததை எழுதுறன்."

"எழுதுங்கோ. ஆனா ஆர் வெண்டதெண்டு எழுதக்கூடாது."

"ஏனடி? கதை வாசிக்கிற சனம் கேக்காதோ?"

"அதுக்குத்தான். வெண்டனெண்டு எழுதினா, வெண்டதை மட்டும் வாசிப்பினம். தோத்தனெண்டு எழுதினா, பாவம் எண்டுவினம். நான் செய்தது இரண்டுக்கும் முன்னால. அதோட நிப்பாட்டுங்கோ."

ஒரு கதையில் எதை விடவேண்டும் என்று எனக்கு இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

8

இரண்டு பேரும் குனிந்து வணங்கினார்கள். மஞ்சள் தலைமயிர்ப் பிள்ளை லாவாலிலிருந்து வந்தவள், நின்ற நிலையிலேயே ஒரு கதவு போல இருந்தாள். நடுவர் கையை அசைத்து "ஹஜிமே" என்றார். தொடங்கு என்று அர்த்தம்.

எனக்கு ஆர்த்திகாவின் முதுகுதான் தெரிந்தது. ஒரு கணம் அவள் நின்றாள். அந்தக் கணத்தில் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், அலுமாரியையும் சேர்த்து. மற்றப் பிள்ளையின் கை மேலே எழும்பத் தொடங்கியது.

ஆர்த்திகாவின் கால் ஓர் அடி முன்னே போனது. வலக்கை, வருகிற கையின் உள்பக்கத்தால் நுழைந்து, கழுத்துப்பட்டியை இறுக்கிப் பிடித்தது. மற்றவள் தட்டினாள். கை கழலவில்லை. இடக்கை சட்டைக் கையைத் தேடி எடுத்தது. அந்தக் கதவு போன்ற பிள்ளை ஓர் அடி பின்னே வைத்தாள். வியப்பில் அவளுடைய வாய் கொஞ்சம் திறந்தது, அதையும் கண்டேன்.

பக்கத்தில் இவர் கதிரையில் ஏறி நின்று, "பிடிச்சிட்டாள்! இஞ்சரும், பிடிச்சிட்டாள்!" என்று கத்தினார். இன்னும் ஒருவரும் விழவில்லையே, இந்த மனிசன் ஏன் கத்துகிறார் என்று முன் வரிசை திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அந்த மண்டபத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் செலீனுக்கும் மட்டும் அந்த ஆட்டம் முடிந்துவிட்டது.

நடுவருக்கு இன்னும் முடியவில்லை. அது நடந்துகொண்டே இருந்தது.

9

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். பதக்கம் வேண்டுபவர்கள் போட்டுக்கொள்ளலாம், இடம் விட்டிருக்கிறேன். தோல்வி வேண்டுபவர்களும் அப்படியே. இரண்டில் எதுவென்றாலும் முந்தின பகுதியில் ஒரு சொல்லும் மாறாது. எழுதி முடித்த பிறகு அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். மாறவில்லை.

அப்படியும் தெரிந்துதான் ஆகவேண்டும் என்றால் அவளையே கேளுங்கள். செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தில் நிற்பாள், புதுப் பிள்ளைகளுக்கு விழப் பழக்கிக்கொண்டு. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். குளிர்ச்சட்டையை மட்டும் கழற்ற வேண்டாம். உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவள் அதைப் பிடித்துவிடுவாள்.