கூடையில் ஒரு செங்கல்

"அப்பா, தள்ளிக்கங்க! தையல் பிரிஞ்சா ஒரே நாள்ல நான் ரெண்டு பேருக்கு அழணும்."

நஜ்வா சொல்லி முடிப்பதற்குள் பஸ்யூனி சவம் தூக்கும் சந்தூக்குக்கு முன்பக்கம் தோள் கொடுத்தாயிற்று. உள்ளே அவர் மனைவி இன்ஸாஃப். காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், கொஞ்சம் படுக்கிறேன் என்று போய்ப் படுத்தாள். அவ்வளவுதான்.

வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கர்மூஸ் வட்டாரத்தில் எங்கள் சந்துக்குப் படிக்கட்டு கட்டியவன் ஒல்லி ஆட்களை மட்டும் நினைத்துக் கட்டியிருக்கிறான். இன்ஸாஃப் ஒல்லி இல்லை.

உண்மையைச் சொன்னால், சந்து எதிர்பார்த்திருந்தது பஸ்யூனியைத்தான். போன வருஷக் கடைசியில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். டாக்டர் தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "வெட்டறது என் வேலை. அப்புறம் எழுந்து நடக்க வைக்கறது இந்தச் சதை. அது எங்கே?" என்று கேட்டாராம். அறுவைக்கு முன்னே கொஞ்சம் தேற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அவித்த முட்டை, மொச்சை, மீன். நாற்காலியில் உட்கார், எழு, உட்கார். எங்கள் சந்தில் சாமான் வாங்கக் கீழே இறங்குவதில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை விடுவோம். அந்தக் கயிற்றை இன்ஸாஃப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இழுய்யா! ஆம்பளையா, வெந்த கீரைத்தண்டா?"

அறுவைக்கு மறுநாளே வார்டில் நடந்தார் மனுஷன். வீட்டுக்கு வந்ததும் கூடையில் ரொட்டி மட்டும்; டாக்டர் தலையசைத்த பிறகு உருளைக்கிழங்கு. அப்புறம் இன்ஸாஃப் கடைக்கார ஷஹாத்தாவிடம் ரகசியமாகச் சொல்லி, ரொட்டிக்கு அடியில் ஒரு செங்கல் வைக்க ஆரம்பித்தாள். கூடை மேலே வந்ததும் "நகரு, மூச்சு வாங்கு" என்று அவரை விலக்கிவிட்டு அவளே காலி செய்வாள். சந்துக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

ஒருநாள் பால்கனியில், எல்லோர் காதிலும் விழத்தான் பேசினார்கள்.

"உன்னை எதுக்குத் தேத்தறேன்னு நினைச்சே? நாளைக்கு என்னைத் தூக்க ஒருத்தன் வேணாமா?"

"உன்னையா? கிரேன்தான் வரணும்."

"தூக்குவியா, மாட்டியா?"

"தூக்கறேன் தாயே! அந்த நாலாவது முட்டையை மட்டும் நீ தின்னுடு."

இப்போது அந்த வாக்குத்தான் தோளில் இருந்தது. நஜ்வா இரண்டு படி முன்னால் திரும்பிப் பார்த்தபடியே இறங்கினாள், கண் முழுக்க அப்பாவின் சட்டை வயிற்றில். எங்கே சிவப்புத் தெரியுமோ என்று.

அவருக்குப் பக்கத்தில் மருமகன் இஸாம். அவன் புஜங்களை ஃபேஸ்புக்கில் பார்க்காதவர் எங்களில் யாருமில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சந்தூக்கைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித் திருப்ப வேண்டியிருந்தது. புஜங்கள் நடுங்கின.

"மாமா... ஒரு நிமிஷம்... கீழ வச்சிக்கலாமே..."

"வைக்காதே. மாடிப்படியில நிறுத்தினா அவ திட்டுவா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நஜ்வாவுக்கும் அழுகையோடு சேர்ந்து வந்துவிட்டது. பஸ்யூனி முழங்காலை மடக்கினார். நாற்காலியிலிருந்து எழுவது போலவே, மெதுவாக, நேராக எழுந்தார். சந்தூக்கு சுவரைத் தாண்டித் திரும்பியது.

கீழே வந்ததும் தோள் மாற்ற ஆட்கள் முண்டியடித்தார்கள். அவர் விடவில்லை. சட்டை நனைந்திருந்தது, நஜ்வா தொட்டுப் பார்த்தாள். வியர்வைதான். அதற்குப் பிறகே அவள் அம்மாவுக்காக ஒழுங்காக அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பஸ்யூனி பால்கனிக்கு வந்து கூடையை இறக்கினார். எங்கள் ஜன்னல்கள் எல்லாம் சும்மாதான் திறந்திருந்தன. ஷஹாத்தா ரொட்டியும் முட்டையும் வைத்தான். இரண்டே இழுப்பில் கூடை மேலே போய்விட்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமானை எடுத்து நஜ்வாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கூடையை மறுபடி இறக்கினார்.

"இன்னும் என்ன ஹாஜி?"

"எப்பவும் அடியில வைப்பியே. அது."

ஷஹாத்தா நிமிர்ந்து நஜ்வாவைப் பார்த்தான். பிறகு கடைவாசலில் கிடந்த செங்கல்லை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, கூடைக்குள் வைத்தான்.

கயிறு விறைத்தது.