மூடாத டேகுகளும் பெரியவரின் மெஷினும்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: பெரியவர், அவர் மனைவி, தம்பி மகள், டயர் கடைக்காரர். நான்கே பேர். ஐந்தாவதாக ஒருவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதவுக்குப் பின்னால் பிரிண்டர் இருக்கிறது. ஆள் நிற்க இடமில்லை.

இந்தக் கதை கலை ஆர்வத்தில் பிறந்ததல்ல. வெளியே நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். குடும்ப மானத்தை அவர்கள் வாயில் விட்டுவைக்க முடியாது என்பதால் நான் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் பெரியவருக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். அவர் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரியும்; அந்த அளவுக்கு நெருக்கம்.

முதல் தொடக்கம்: "மாடி அலுவலகத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில் மெல்ல..." அடித்துவிட்டேன். அந்த ஜன்னலை பீரோ மறைத்துக்கொண்டு நிற்கிறது. வெயிலாவது, மெல்லவாவது.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு மொழியை உருவாக்குவது ஒரு குழந்தையை..." இதுவும் வேண்டாம். இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே பெரியவருக்கு ஆகாது.

2

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இணையதளங்கள் செய்வதற்கென்று அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கணினி மொழி இருக்கிறது. பெரியவரும் தம்பியும் சேர்ந்து செய்தது. எல்லாம் டேகுகள்: <இருந்தால்> என்று திறந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, </இருந்தால்> என்று மூடுவது. தம்பி ஓய்வெடுத்துக்கொண்டார். இப்போது மொழியைப் பார்த்துக்கொள்வது அவர் மகள்.

பெரியவரின் கொள்கை எளிது. திறந்ததை மூடு, உள்ளே திறந்ததை உள்ளேயே மூடு. அடுத்த வெர்ஷனிலிருந்து, இதில் தவறுகிற இணையப் பக்கம் ஓடவே கூடாது. தம்பி மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பெரியப்பா, நம்ம மொழிங்கறது பக்கம் இல்ல. பக்கத்தைத் தைக்கிற தையல்காரர். தைக்கிறவர் சட்டையில ஊசி குத்தித்தான் இருக்கும். கஸ்டமர் போடற சட்டையில இல்லாம இருந்தா போதாதா?"

"ஊசியோடயே சட்டைய வித்தவங்களையும் நான் பார்த்திருக்கேன். ஒழுங்கா எழுதினா எந்த மெஷினும் படிக்கும், யார் வேணா திருத்தலாம். இஷ்டத்துக்கு எழுதினா எழுதினவனுக்கே மறுநாள் புரியாது."

"எழுதறது கடைக்காரங்க. அவங்களுக்கு யாவாரமும் பார்க்கணும்ல?"

(இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நடுநிலை எழுத்தாளர்கள் எழுதுவார்கள். எனக்கு நடுநிலை கிடையாது. பெரியவர் சொல்வதுதான் சரி. ஆனால்

போன மாதம் தொழில்காரர்கள் கூட்டத்தில், மைக் முன்னால், பெரியவர் வாக்குக் கொடுத்துவிட்டார். "எங்க மொழியில எழுதின ஒரு பக்கம்கூடப் புது வெர்ஷன்ல உடையாது. எல்லாம் மூடியிருக்கு. நானே பார்த்துட்டேன்."

உண்மையிலேயே பார்த்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் தன் மெஷினில் போட்டுச் சோதித்தார். ஒவ்வொன்றுக்கும் சரி என்று பச்சை விளக்கு வந்தது. அந்தப் பச்சையை நம்பித்தான் குடும்பப் பெயரை மேடையில் வைத்தார். நாளை அதே கூட்டம், அதே மைக். புது வெர்ஷனை வெளியிட வேண்டும்.

3

டயர் கடைக்காரர் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். பெரியவர் கேட்ட கண்டிப்போடு தயாரான புது வெர்ஷனை, முன்கூட்டியே போட்டுப் பார்க்கச் சொல்லி அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

"சார், காலைல இருந்து என் கடையே காணோம்."

"கடை எங்கய்யா போகும்?"

"கடை அங்கதான் சார் இருக்கு. பக்கம்தான் வெள்ளையா நிக்குது. டயர் தேடி வர்றவன் வெள்ளைக் காகிதத்தையா மாட்டிட்டுப் போவான்?"

பெரியவர் அதே பக்கத்தைத் தன் மெஷினில் போட்டார். பச்சை. எல்லா டயர்களும் வரிசையாக வந்து நின்றன.

"பார்த்துக்கங்க. கோளாறு உங்க லேப்டாப்ல."

"பக்கத்துக் கடை மெஷின்லயும் வெள்ளைதான் சார். உங்க மெஷின்ல மட்டும் எப்படி? உங்களப் பார்த்து அதுக்கும் பயமோ?"

தமாஷுக்குச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தம்பி மகள் பெரியவர் மனைவியை, அதாவது பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கால்குலேட்டரைப் பார்த்தார்.

இந்த டயர் கடைக்காரர்மேல் எனக்கே சந்தேகம் உண்டு. கதைக்கு வேண்டிய நேரத்தில் வந்து, வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்கிறார். மட்டமான எழுத்தாளர்கள் செய்கிற வேலை. ஆனால் மனிதர் வந்தாரே, நான் என்ன செய்ய?

"சொல்லிடும்மா," என்றார் பெரியம்மா.

"ஐயோ, நீங்களே சொல்லுங்க பெரியம்மா."

பெரியம்மா கால்குலேட்டரை அணைத்தார். "என்னங்க, உங்க மெஷின்ல எப்பவும் பச்சைதான் வரும். அப்படித்தான் வச்சிருக்கு."

"யாரு வச்சது?"

"உங்க தம்பி. வைக்கச் சொன்னது நான். ஒரு டேக் மூடலைன்னா உங்களுக்குச் சாப்பாடு இறங்காது, எங்களுக்கு வீடு வீடா இருக்காது. விட்டுப்போனத உங்க மெஷின் சத்தமில்லாம மூடிக்கும்."

"எப்பலேர்ந்து?"

"இவ ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தப்பலேர்ந்து."

4

தம்பி மகள் டயர் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். மேலே, சரக்கு இருந்தால் அட்டவணையைத் திற என்று சொல்லி, அந்த நிபந்தனையை அங்கேயே மூடியிருந்தது. நடுவில் டயர்கள். கீழே மறுபடி, சரக்கு இருந்தால் அட்டவணையை மூடு. ஒரு வீட்டில் திறந்த கதவை அடுத்த வீட்டுக்காரர் வந்து சாத்துகிற ஏற்பாடு.

"இத எழுதின மகாராசன் யாரு?"

பெரியம்மா கையைத் தூக்கினார். "இவர் அவசரம்னு நின்னாரு, எழுதிக் கொடுத்தேன். இத்தனை நாள் ஓடலையா?"

"நல்லாவே ஓடுச்சு சார்," என்றார் டயர் கடைக்காரர், கேட்காமலே.

"இது மாதிரி இன்னும் எத்தனை?"

"இது மாதிரி இல்லாததுதான் பெரியப்பா கம்மி."

பெரியவர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு அணையாமல், மரியாதையாக எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "எங்க வீட்டு ஆளுங்க கை சுத்தம்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் பக்கத்திலேயே நின்று தலையாட்டியிருக்கிறார்கள்.

"நாளைக்கு மைக்ல என்ன சொல்லப் போறீங்க?" என்றார் பெரியம்மா. குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பெரியவர் கண்டிப்பை விடவில்லை, வெர்ஷன் வெளியாகிறது, தெருவெல்லாம் கடைகள் வெள்ளையாகின்றன, டயர் கடைக்காரர் கண்ணீர்... அவருக்கு அழத் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கிழித்தாயிற்று.

பெரியவர் தன் மெஷினில் இருக்கும் அந்தச் சத்தமில்லாத ஏற்பாட்டை எல்லாருடைய மெஷினிலும் வைக்கச் சொல்லிவிட்டு, மேடையில் பழைய பேச்சையே பேசுகிறார். வாக்கு நிற்கும். அவர் அன்றிரவே செத்துப்போவார். வேண்டாம்.

பெரியவர் எழுந்து நின்று, "நான் சொன்னது தப்பு, என்னை..." எங்கள் குடும்பத்தில் இந்த வாக்கியத்தை இதுவரை யாரும் முடித்ததில்லை. நானா முடிக்கப் போகிறேன்?

நடந்தது இது மட்டும்தான். மறுநாள் பெரியவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். தம்பி மகளையும் கூடவே அழைத்துக்கொண்டு மேடையேறினார். "மொழிய இப்ப பார்த்துக்கறது இவதான். இவ சொல்றதுதான் எங்க வீட்டு வாக்கு," என்றார். ஒதுங்கி நின்றார்.

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, மூடாமலே வந்துவிட்டேன். நீங்கள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு மேலே படித்தீர்கள். அது பெரியவர் காதுக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, நான் எழுத உட்கார்ந்த காரணம். அந்த மேடையில் பெரியவர் தலைகுனிந்து நின்றார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். மைக் அவர் உயரத்துக்கு இருந்தது, தம்பி மகள் குட்டை. அதை இறக்கிக் கொடுக்கத்தான் குனிந்தார். திருகு இறுகியிருந்ததால் சற்று நேரம் பிடித்தது.