மூன்று விரல் கத்தி

உலையிலிருந்து எடுத்த தகட்டின் சிவப்பு மங்குவதற்குள் செல்வநாயகம் எட்டு அடி அடித்துவிட்டார். சிலாவத்துறை இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் கேட்ட கத்தி அது. எலும்பில் பட்டாலும் வாய் மடங்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். மனைவி பூமணி துருத்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போது வேலிக்கு வெளியே பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

சார்ஜன்ட் ஒரு பொலித்தீன் பையைப் பட்டடைக்கல்லின் மேல் வைத்தார். உள்ளே ஒரு கத்தி. அலகின் கழுத்தில் இரத்தம் காய்ந்திருந்தது.

“மேக காகெத?” இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்.

கூட வந்த தமிழ்க் கொன்ஸ்டபிள் சொன்னார்: “நேற்று விடியப்புறம் பெனடிக்ற் சம்மாட்டியை வாடிக்குள்ள வெட்டிப்போட்டு ஓடியிருக்கினம். ஆள் நினைவில்லாமல் கிடக்கு. இது நீ செய்த கத்தி. ஆருக்குச் செய்தனி?”

செல்வநாயகம் அதைக் கையில் எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மண்டபம் அகதி முகாமிலிருந்து தங்களோடு ஒரே நாளில் திரும்பி வந்த புஸ்பத்துக்காக, லொறி வில்லுத்தகட்டில் அடித்த கத்தி. ஷெல் பட்டு அவளுடைய வலக்கையில் கடைசி இரண்டு விரல்களும் இல்லை. மீன் சளியில் எந்தக் கத்தியும் வழுக்கியது. அவர் ஈரக் களிமண்ணை அவள் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்தத் தடத்தைப் பார்த்துப் பாலை மரத்தில் பிடி செதுக்கினார். அதன் பிறகு படகு முதலாளி பெனடிக்ற்றின் மீன்வாடியில் மற்றப் பெண்களுக்குச் சமமாக அவளும் சூரை மீன் வெட்டினாள்.

தெரியாது, பல பேருக்குச் செய்து கொடுக்கிறேன் என்றார் செல்வநாயகம்.

சார்ஜன்ட் கைக்குட்டையால் பிடியைப் பற்றிப் பார்த்தார். மூன்று விரல்கள் பள்ளத்தில் பதிந்தன. நாலாவதற்கு இடமில்லை. அவர் செல்வநாயகத்தை நிமிர்ந்து பார்த்தார். பொல்லால் முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது காதோடு சேர்த்து. செல்வநாயகம் கரிக்குவியலில் சரிந்தார். குறுக்கே வந்த பூமணியின் வயிற்றில் சப்பாத்துக்கால் இறங்கியது. இரண்டு பேர் அவருடைய வலக்கையை இழுத்துப் பட்டடைக்கல்லின் மேல் விரித்துப் பிடித்தார்கள். சுத்தியல் அவருடையதுதான். முதல் அடிக்கு அவர் கத்தினார். இரண்டாவதற்குச் சத்தம் வரவில்லை.

அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் போனபின் பூமணி எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாப்பாமோட்டை வயல்களுக்குள் நடந்தாள். புஸ்பம் கைவிடப்பட்ட பம்ப் கொட்டிலுக்குள் குந்தியிருந்தாள். முதல்நாள் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததும் பூமணிதான்.

“உன்னைப் பொலிசுக்குப் போகச் சொல்லி நான் வரேல்ல,” என்றாள் பூமணி. “அவற்ற கையை உடைச்சுப்போட்டாங்கள். அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

புஸ்பம் தலைமயிரை வாரி முடிந்தாள். உச்சியில் ஒரு பிடி மயிர் இல்லாமல் தோல் சிவந்து கிடந்தது. அண்ணை தன் பேரைச் சொன்னாரா என்று கேட்டாள். இல்லை என்றாள் பூமணி. இருவரும் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தே போனார்கள்.

செல்வநாயகம் அங்கே வாங்குப் பலகையில் சாய்ந்திருந்தார். விரல்கள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. புஸ்பத்தைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் மேசைக்கு முன் நின்று சொன்னாள்: “நான்தான் வெட்டினனான். நாங்கள் முகாமில இருக்கேக்க எங்கட காணியில அவர் வாடி போட்டிட்டார். காணி உறுதியோட கந்தோருக்கு முறையிடப் போனனான் எண்டு மயிரில பிடிச்சு வாடிக்குள்ள இழுத்துக்கொண்டு போனவர். சட்டையைக் கிழிச்சவர். என்ர கையில கத்தி இருந்தது.”

முதல் வசனத்தை எழுதியதோடு கொன்ஸ்டபிள் பேனையை நிறுத்திவிட்டார். அவள் சொல்லி முடித்ததும் தாளைத் திருப்பிக் கையெழுத்து வாங்கினார். அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

செல்வநாயகத்தைப் போகலாம் என்றார்கள். அதற்கு முன் ஒரு தாள் நீட்டப்பட்டது. முழுதும் சிங்களம். என்ன எழுதியிருக்கிறது என்று பூமணி கேட்டாள். வேலை செய்யும்போது தவறிக் கையில் அடித்துக்கொண்டதாக இருக்கிறது என்றார் கொன்ஸ்டபிள், அவளைப் பார்க்காமல்.

செல்வநாயகம் பேனையைப் பிடிக்கப் பார்த்தார். அது மேசையில் உருண்டது. சார்ஜன்ட் எழுந்து வந்து, அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, ஊதிய பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் உருட்டினார். செல்வநாயகத்தின் உடம்பு முழுவதும் உதறியது. அடையாளம் சரியாக விழவில்லை. சார்ஜன்ட் அந்த விரலை மறுபடி மையில் வைத்து அழுத்தினார்.